செம்பருத்தியில் என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

செம்பருத்தி பூக்காதபோது நம்மில் பலர் முதலில் செய்வது உரம் போடுவது. அதற்கும் செடி அசையாவிட்டால் மருந்து அடிப்பது. தரையிலும் தொட்டியிலுமாகப் பல ஆண்டுகள் இச்செடிகளை வளர்த்து, அதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில், உரத்தாலும் மருந்தாலும் தீர்ந்தவற்றைவிட வெயிலையும் தண்ணீரையும் திருத்தியதால் தீர்ந்தவையே அதிகம் என்பதைக் கண்டிருக்கிறேன். எனவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணங்கள் முதலிலும், செலவும் உழைப்பும் கேட்பவை பின்னரும் வருகின்றன. முதல் காரணம் இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

இங்கே பேசப்படுவது ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்னும் பல்லாண்டுச் செம்பருத்தியைப் பற்றி மட்டுமே. கையில் வேண்டியவை நான்கு: ஒரு உருப்பெருக்கி, ஒரு புதிய பிளேடு, மண்ணுக்குள் செருகிப் பார்க்க ஒரு சாண் நீள மரக்குச்சி, தேதியிட்டு எழுத ஒரு குறிப்பேடு. குறிப்பேட்டைத் தேவையற்றது என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு இரண்டு வாரம் காத்திருப்பதுதான் இந்த வழிமுறையின் அடிப்படை. ஒரே நாளில் இடத்தை மாற்றி, உரமிட்டு, மருந்தும் அடித்துவிட்டால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்பது தெரியாமல் போய், அடுத்த முறை மீண்டும் மூன்றையும் செய்ய வேண்டியிருக்கும்.

## அறிகுறி 1: பூ ஒரே நாளில் சுருண்டு விழுகிறது

இது கோளாறே அன்று. காலையில் விரிந்து மாலையிலோ மறுநாளிலோ சுருள்வது செம்பருத்திப் பூவின் இயல்பு. சில ஒட்டு வகைகளில் மட்டும் பூ இரண்டு நாள் நிற்கும். விரிந்த பூ விழுகிறதா, விரியாத மொட்டு விழுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். மொட்டு விழுந்தால் மூன்றாம் அறிகுறிக்குச் செல்லுங்கள்.

## அறிகுறி 2: செடி தழைத்து வளர்கிறது, மொட்டே வைப்பதில்லை

### முதலில் வெயிலை அளவிடுங்கள்

செம்பருத்தி நன்கு பூக்க நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். "நல்ல வெளிச்சம் இருக்கிறது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் கண்ணுக்குப் போதுமான வெளிச்சத்தைத்தான். செடிக்கு அது போதாது. ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலை வரை மணிக்கு ஒருமுறை சென்று, செடியின் உச்சியில் வெயில் விழுகிறதா, நிழல் விழுகிறதா என்று எழுதி வையுங்கள். சென்ற ஆண்டு பூத்துக் குலுங்கிய செடி இந்த ஆண்டு பூக்கவில்லை என்றால், அருகிலுள்ள மரம் வளர்ந்திருக்கிறதா, புதிதாகச் சுவர் ஏதும் எழுந்திருக்கிறதா என்று சுற்றிலும் பார்க்க வேண்டும். கணுக்களுக்கிடையே நீளம் கூடி, தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இலைகள் பெரிதாகவும் மெலிதாகவும் இருந்தால் வெயில் குறைவு என்பது ஏறக்குறைய உறுதி.

தொட்டியை வெயிலுக்கு நகர்த்தும்போது ஒரே நாளில் நகர்த்தாமல், பத்து நாட்களில் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். நிழலில் வளர்ந்த இலை திடீர் வெயிலில் வெளுத்துக் கருகிவிடும்.

### அண்மையில் வெட்டினீர்களா?

செம்பருத்தி புதிதாக வளரும் கிளைகளில்தான் மொட்டு வைக்கிறது. நுனிகளை வெட்டினால் புதுக்கிளை வளர்ந்து மொட்டு வைக்க இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். வேலியை ஒழுங்குபடுத்துகிறோம் என்று மாதந்தோறும் நுனியைக் கத்தரிப்பவர்கள் மொட்டையும் சேர்த்தே கத்தரிக்கிறார்கள். கவாத்து ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே வெட்டில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருக்கட்டும். இதற்கு நேர்மாறாக, நான்கைந்து ஆண்டுகளாக வெட்டே படாத செடி முதிர்ந்த கட்டைகளாக நின்று, உச்சியில் மட்டும் ஒன்றிரண்டு பூக்கள் பூக்கும். அதற்குக் கவாத்துதான் மருந்து.

### உரப்பையைப் பாருங்கள்

கரும்பச்சை இலை, செழித்த தண்டு, மொட்டு மட்டும் இல்லை என்றால் தழைச்சத்து மிகுந்திருக்கக்கூடும். புல்தரைக்கு இடும் உரம் அருகில் கரைந்து வருகிறதா என்றும் பாருங்கள். இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். "பூக்க வைக்கும் உரம்" என்று விற்கப்படுபவற்றில் பலவற்றில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகுந்திருக்கும். எலும்புத் தூளும் அப்படியே. செம்பருத்திக்கு மணிச்சத்து மிகக் குறைவாகவே தேவை. அது மண்ணில் சேரச் சேர, செடி இரும்பு போன்ற நுண்ணூட்டங்களை எடுத்துக்கொள்வது தடைபடும். பையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களில் நடு எண் சிறியதாகவும் மூன்றாம் எண், அதாவது சாம்பல் சத்து, பெரியதாகவும் உள்ள உரமே இதற்குப் பொருத்தமானது. பழத்தோல் ஊறவைத்த நீரையும் ஒரு பருவம் முழுவதும் ஊற்றிப் பார்த்தேன். எறும்பு வந்தது, மொட்டு வரவில்லை.

### வல்லுநரை எப்போது அணுகுவது

வெயில் ஆறு மணி நேரம் இருக்கிறது, வெட்டி நான்கு மாதம் ஆகிவிட்டது, உரத்தை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது, குளிரும் இல்லை, இருந்தும் மொட்டில்லை என்றால் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். கார அமில நிலை, உப்பின் அளவு, மணிச்சத்தின் அளவு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 3: மொட்டு வைக்கிறது, விரியாமல் உதிர்கிறது

வளர்ப்பவரை மிகவும் சோர்வடையச் செய்யும் கோளாறு இதுதான். தவறாகக் கணிக்கப்படுவதும் இதுவே அதிகம். உதிர்ந்த மொட்டுகளைக் கூட்டித் தள்ளிவிடாமல், பத்து மொட்டுகளையாவது ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி வைத்துப் பாருங்கள். விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

### மொட்டு பச்சையாக, நல்ல நிலையில் உதிர்ந்தால்

காரணம் தண்ணீர், வெப்பம், இடமாற்றம் ஆகியவற்றில் ஒன்று. மொட்டு பருக்கும் காலத்தில் ஒரே ஒரு நாள் மண் முற்றிலும் காய்ந்து, மறுநாள் வெள்ளமாக ஊற்றப்பட்டாலும் செடி மொட்டுகளைக் கழற்றிவிடும். மரக்குச்சியைத் தொட்டியின் அரையளவு ஆழத்துக்குச் செருகி எடுங்கள். குச்சி ஈரமாக, மண் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம். காய்ந்து வந்தால் அடித்துளை வழியே வழியும் வரை ஊற்றுங்கள். நாளும் ஒரு குவளை என்ற கணக்கு மேல் மண்ணை மட்டும் நனைத்துவிட்டு அடிவேரைக் காயவிடும்.

வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில், ஈரம் சரியாக இருந்தாலும் மொட்டு உதிரலாம். அடுக்குச் செம்பருத்தி ஒற்றை இதழ் வகைகளைவிட எளிதில் மொட்டை உதிர்க்கும். பிற்பகல் வெயிலுக்கு மட்டும் மெல்லிய நிழல்வலை கட்டி, வேர்ப்பகுதியில் காய்ந்த இலைகளால் நான்கு விரல் தடிமனுக்கு மூடாக்கு இட்டால் போதும். நாற்றங்காலிலிருந்து வாங்கி வந்த புதுச்செடி முதல் இரண்டு வாரத்தில் இருக்கும் மொட்டை எல்லாம் உதிர்ப்பது வழக்கம். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

### மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால்

பிளேடால் மொட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உருப்பெருக்கியால் அடிப்பகுதியைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஊசிமுனை அளவில் புழுக்கள் நெளிந்தால், அது மொட்டு ஈ. முதன்முறை நான் பிளந்தபோது இதழ்களுக்கிடையே ஈரமான சோற்றுப் பருக்கைத் துணுக்குகள் போல ஏழெட்டுப் புழுக்கள் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றில் ஒன்று உடலை வளைத்துச் சுண்டித் தாளைவிட்டு வெளியே பாய்ந்தது. நன்கு வளர்ந்த புழு இவ்வாறு சுண்டிப் பாயும். இதைக் கண்டபின் வேறு சோதனை வேண்டியதில்லை.

இந்த ஈ மிகச் சிறியது. இளமொட்டின் நுனியில் முட்டையிடும். புழு மொட்டுக்குள் ஒரு வாரம் தின்றுவிட்டு, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, இரண்டு மூன்று வாரத்தில் ஈயாக வெளிவரும். ஆக மொத்தச் சுற்று மூன்று முதல் நான்கு வாரம். மொட்டுக்குள் இருக்கும் புழுவை மேலே அடிக்கும் மருந்து தொடாது. ஆதலால் மருந்தில் காசைக் கொட்டுவதற்கு முன், உதிர்ந்த மொட்டுகள் அனைத்தையும், செடியிலேயே மஞ்சளாகத் தொடங்கியவற்றையும் நாள்தோறும் பொறுக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். எருக்குழியில் போடக் கூடாது. அங்கே அது வசதியாகக் கூட்டுப்புழுவாகும். நான்கு வாரம், இடையில் ஒரு நாளும் விடாமல் செய்தால் சுற்று அறும். "பெரும்பாலும் பொறுக்கினேன்" என்பது பயன் தராது. என்னுடைய முதல் முயற்சி மூன்றாம் வாரத்தில் ஊருக்குச் சென்றதால் வீணாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

வேகப்படுத்த வேண்டுமானால், பருவத்தின் நடுவிலேயே எல்லா மொட்டுகளையும் ஒருமுறை கிள்ளி எடுத்துவிட்டு, மேல்மண்ணை இரண்டு விரல் ஆழம் வழித்து மாற்றலாம். மனம் வராத வேலைதான். ஆனால் எப்படியும் உதிரப் போகும் மொட்டுகள் அவை.

### மொட்டில் வெள்ளிக்கோடுகளும் பழுப்பு நுனியும் இருந்தால்

மொட்டை வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். மெல்லிய கோடு போன்ற பூச்சிகள் தாளில் ஊர்ந்தால் அவை இலைப்பேன்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும், அதைக் கரைக்கச் சில துளி திரவச் சோப்பும் கலந்து, மாலையில், மொட்டுகளும் குருத்தும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை. வெயில் நேரத்தில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும்.

### வல்லுநரை எப்போது அணுகுவது

நான்கு வாரம் முழுமையாகப் பொறுக்கிய பிறகும் மொட்டுக்குள் புழு இருந்தால், ஈ பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று பொருள். இந்த ஈ மல்லிகை, கத்தரி, தக்காளி போன்றவற்றிலும் வளரும். அந்நிலையில் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து செய்ய வேண்டியதுதான். மண்ணில் இடும் மருந்து எது பொருந்தும் என்பதைப் பிளந்த மொட்டுகளோடு சென்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

## அறிகுறி 4: இலை மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சளாகிறது என்பதைப் பாருங்கள். அடியிலையா, குருத்திலையா என்பதில்தான் கிளை பிரிகிறது.

### அடியிலைகள் ஒன்றிரண்டு முழுமையாக மஞ்சளாகி உதிர்ந்தால்

முதிர்ந்த இலை உதிர்வது இயல்பு. ஒரே வாரத்தில் கைநிறைய உதிர்ந்தால் குச்சியைச் செருகித் தண்ணீரைச் சரிபாருங்கள். அதிகமானாலும் குறைந்தாலும் செடி ஒரே விதமாகத்தான் மஞ்சள் காட்டும் என்பதால், இலையைப் பார்த்து முடிவெடுக்காமல் மண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பருவம் மாறும் வாரங்களிலும், இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும்போதும் இலை உதிரும். புது இலை வந்துகொண்டிருந்தால் கவலை இல்லை.

செடி முழுவதும் வெளிறி, அடியிலிருந்து மேலாக மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் குறைவு. நன்கு மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு கை அளவு போட்டுக் கிளறி விடுங்கள். நரம்பையொட்டிப் பச்சை நின்று, அடியிலையின் ஓரமும் இடைப்பகுதியும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் மக்னீசியம் சல்பேட் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இலைமேல் தெளிக்கலாம்.

### குருத்திலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்பு செடிக்குக் கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மண்ணோ தண்ணீரோ காரமாக இருப்பதால் இருக்கும் இரும்பும் பூட்டப்பட்டுவிடுகிறது. முதலில் வேர் நனைந்து கிடக்கவில்லை என்பதை உறுதி செய்யுங்கள், ஏனெனில் ஊறிய வேராலும் இரும்பை எடுக்க முடியாது. அடுத்து, கார அமிலச் சோதனைத் தாளால் பாசன நீரையும் மண் ஊறிய நீரையும் சோதியுங்கள். செம்பருத்திக்கு உகந்தது 6 முதல் 7 வரை. 7.5-ஐத் தாண்டினால் ஆணியைப் புதைப்பதோ துருப்பிடித்த இரும்பைப் போடுவதோ பயன்படாது.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை இரும்பு காரமண்ணில் வேலை செய்யாது; இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பை உறையில் பெயர் பார்த்து வாங்கி, அதில் குறித்த அளவில் மண்ணில் ஊற்றுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மலிவானதை மூன்று முறை வாங்குவதைவிட இது மேல். மஞ்சளாகிவிட்ட இலை முழுமையாகப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். அடுத்து வரும் குருத்து பச்சையாக வருகிறதா என்பதே அளவுகோல். நிரந்தரத் தீர்வு, மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், மட்கிய இலைகளை மண்ணில் சேர்த்துக்கொண்டே இருப்பதும்.

### ஊசியால் குத்தியது போன்ற மஞ்சள் புள்ளிகள்

இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்பழுப்புக் கறை படிந்தால், அல்லது காம்பருகில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால், அவை செஞ்சிலந்திகள். வறண்ட வெயில் காலத்தில், சுவரோரச் செடிகளில் முதலில் வரும். இவை பூச்சி இனமே அல்ல. பொதுவான பூச்சிக்கொல்லி அடித்தால் இவற்றைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்கள் செத்து, சிலந்தி பெருகும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை, இரண்டு வாரம், இலையின் அடிப்பக்கத்தில் வேகமாக நீர் பீய்ச்சுவதே முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெப்பம் தணிந்த நாளில் தெளிக்கலாம். வேப்ப எண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது கழிந்திருக்க வேண்டும், இல்லையெனில் இலைகள் கருகும்.

## அறிகுறி 5: செடி வாடித் தொங்குகிறது

### மண் காய்ந்திருந்தால்

தண்ணீர் ஊற்றுங்கள், மாலைக்குள் நிமிர வேண்டும். ஊற்றிய தண்ணீர் நொடியில் அடித்துளை வழியே ஓடிவிட்டால், காய்ந்த மண் தொட்டியின் சுவரைவிட்டு விலகியிருக்கிறது அல்லது தொட்டி முழுவதும் வேராகிவிட்டது. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து எடுங்கள். பின்னர் செடியை உருவிப் பார்த்து, வேர்கள் வட்டமாகச் சுற்றியிருந்தால் இரண்டு அங்குலம் அகலம் கூடிய தொட்டிக்கு மாற்றுங்கள். மிகப் பெரிய தொட்டிக்குத் தாவினால், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அடுத்த கோளாறுக்கு வழிவகுக்கும்.

### மண் ஈரமாக இருந்தும் வாடினால்

இதற்கு ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். நண்பகலில் மட்டும் வாடி மாலையில் நிமிர்ந்தால் அது வெப்பத்தால், விட்டுவிடலாம். விடியற்காலையிலும் தொங்கினால் வேரைப் பார்த்தாக வேண்டும்.

தொட்டியைச் சாய்த்து மண் கட்டியோடு செடியை வெளியே எடுங்கள். முகர்ந்து பாருங்கள்: நல்ல மண் மழை வாசம் வீசும், அழுகிய மண் சாக்கடை நாற்றம் வீசும். நல்ல வேர் வெளுத்து, இழுத்தால் உறுதியாக நிற்கும். அழுகிய வேரை இரு விரலால் உருவினால் மேல்தோல் கையோடு வந்து, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சும். கெட்டதைக் கத்தரித்துவிட்டு, இழந்த வேருக்கு ஏற்ப மேலே உள்ள கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மணலோ தேங்காய்நார்த் துண்டுகளோ கலந்த புதுமண்ணில், சிறிய தொட்டியில் நடுங்கள். துளையை அடைக்காதபடி அடியில் ஓர் ஓட்டுத் துண்டு போதும். அடியில் கல் அடுக்கு நிரப்புவதால் வடிகால் மேம்படாது, வேருக்கான இடம்தான் குறையும். நிழலில் வைத்து, குருத்து விடும் வரை உரம் கொடுக்காதீர்கள். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணம் கலந்த மட்கு உரம் சேர்ப்பது நல்லது, ஆனால் அழுகிய வேரை அது உயிர்ப்பிக்காது.

வேரில் மணிமணியாக வீக்கங்கள் தெரிந்தால், விரலால் உரசிப் பாருங்கள். உதிராமல் வேரோடு ஒன்றியிருந்தால் அவை வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. அந்த மண்ணை வேறெந்தத் தொட்டிக்கும் மாற்றாதீர்கள்.

### வல்லுநரை எப்போது அணுகுவது

தரையில் நிற்கும் பெரிய செடி ஈரமண்ணில் வாடுகிறது, அடித்தண்டில் தரைமட்டத்துக்கு அருகே பட்டை கருத்துக் குழைந்திருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். வேர்த்துண்டும் மண்ணும் எடுத்துத் தாவர நோய்ச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். ஒரே வரிசையில் இரண்டாவது செடியும் வாடத் தொடங்கினால் அன்றே அனுப்புங்கள்.

## அறிகுறி 6: வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, கரும்படலம்

மூன்றும் ஒரே கதையின் மூன்று கட்டங்கள். சாறு உறிஞ்சும் பூச்சி கழிக்கும் இனிப்புக் கசிவு இலையில் பிசுபிசுக்கும். அதன்மேல் கரும்பூசணம் படரும். கருமையைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. பூச்சி ஒழிந்தால் அது தானே உரிந்து போகும்.

முதலில் எறும்பைப் பாருங்கள். எறும்பு தண்டில் வரிசையாக ஏறி இறங்கினால், அது தன் "பசுக்களை" மேய்த்துக்கொண்டிருக்கிறது. இனிப்புக்காக மாவுப்பூச்சியையும் அசுவினியையும் காவல் காத்து, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டுவது எறும்புதான். அடித்தண்டில் துணி நாடாவைச் சுற்றி, அதன்மேல் பசைத்தன்மையுள்ள கிரீஸ் தடவுங்கள். தண்டின் மேலேயே தடவக் கூடாது. சுவரிலோ மற்றச் செடியிலோ உரசும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இல்லையெனில் அந்தப் பாலத்தின் வழியே ஏறிவிடும்.

அசுவினி குருத்தில் அப்பியிருந்தால் நீர் பீய்ச்சினாலே போய்விடும். இலையை அசைத்ததும் வெண்பொடி போல் பறந்தால் வெள்ளை ஈ. மஞ்சள் ஒட்டுப்பொறியை இலை மட்டத்தில் தொங்கவிட்டு, வேப்ப எண்ணெயை இலையின் அடியில் தெளியுங்கள்.

மாவுப்பூச்சிதான் உழைப்பைக் கேட்கும். அதன் மெழுகுப் பூச்சில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். சில கிளைகளோடு நின்றால் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு கணுவையும் தொட்டு எடுங்கள். பரவிவிட்டால், மொய்த்திருக்கும் நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, எஞ்சிய செடியில் வேப்ப எண்ணெய்ச் சோப்புக் கரைசலை ஏழு நாட்களுக்கு ஒருமுறை நான்கு தடவை தெளியுங்கள். பஞ்சுப் பொதிக்குள் முட்டைகள் பிழைத்திருக்கும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்துபவருக்குப் பத்து நாளில் பழைய நிலை திரும்பும்.

ஓர் எச்சரிக்கை: பஞ்சு போன்றே தோன்றி, ஆனால் பூச்சியைவிடப் பெரிதாக, வேகமாக ஊர்வது கிரிப்டோலேமஸ் என்னும் வண்டின் புழுவாக இருக்கலாம். அது மாவுப்பூச்சியைத் தின்பது. 1994-இல் கிரெனடாத் தீவில் செம்பருத்தி இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி கண்டறியப்பட்டுக் கரீபியத் தீவுகளில் பரவியபோது, இந்த வண்டையும் அனாகிரஸ் என்னும் சிறு குளவியையும் விட்டுத்தான் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். குச்சியால் தொட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று ஓடினால் விட்டுவிடுங்கள், அந்தச் செடியில் மருந்தையும் நிறுத்துங்கள்.

## அறிகுறி 7: இலையில் ஓட்டை

புழுவோ வெட்டுக்கிளியோ நத்தையோ தின்றது. இரவு எட்டு மணிக்குக் கைவிளக்கோடு சென்று கையால் பொறுக்குங்கள். பத்தில் ஓர் இலை ஓட்டையானால் செடிக்கு நட்டமில்லை, பார்ப்பவருக்குத்தான் உறுத்தல்.

## அறிகுறி 8: குருத்து சுருண்டு, குறுகி, கொத்தாகிறது

### சுருளை விரித்துப் பாருங்கள்

சுருண்ட குருத்தின் உள்ளே இளஞ்சிவப்பு உடலும் வெண்மாவும் தெரிந்தால் மேற்சொன்ன மாவுப்பூச்சிதான். அதன் எச்சில் பட்ட குருத்து முட்டைக்கோசு போல இறுகிக் கொத்தாகும். அந்தக் கொத்து இனி விரியாது, அதற்குக் கீழே நான்கு விரல் இறங்கி வெட்டிவிடுங்கள்.

### உள்ளே பூச்சி இல்லை, இலை நாடா போல் நீண்டு குறுகியிருக்கிறது

அண்மையில் எங்கேனும் களைக்கொல்லி அடிக்கப்பட்டதா? செம்பருத்தி, பருத்தி, வெண்டை ஆகியவை அடங்கிய குடும்பமே 2,4-டி களைக்கொல்லிக்கு மிகவும் அஞ்சும். காற்றில் வந்த துளி போதும். ஒருமுறை களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இரண்டு முறை கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில், அதே தெளிப்பானில் வேப்ப எண்ணெய் கலந்து என் ஆறு செடிகளுக்கு அடித்தேன். பத்தாம் நாள் குருத்துகள் அனைத்தும் நரம்புகள் இணைகோடாக ஓடும் நாடாக்களாக வந்தன. இரண்டு மாதம் தண்ணீரை மட்டும் கொடுத்துக் காத்திருந்ததில் ஐந்து தேறின. அன்றிலிருந்து களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான், அதன்மேல் சிவப்பு வண்ணம். இதற்கு மருந்து இல்லை, பொறுமைதான்; பின்வரும் குருத்துகள் படிப்படியாக அகலமானால் செடி பிழைத்துக்கொள்ளும்.

### இலை கிண்ணம் போல் வளைந்து, அடிநரம்பு தடித்திருக்கிறது

இலையைத் திருப்பி வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். நரம்புகள் கரும்பச்சையாகத் தடித்தோ, நரம்பிலிருந்து குட்டி இலை போன்ற முளை எழுந்தோ இருந்தால், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் என்று ஐயப்பட வேண்டும். மஞ்சள் வளையங்களும் சித்திரம் போன்ற கோடுகளும் மட்டும் தெரிந்தால் அது வளையப்புள்ளி வைரஸாக இருக்கலாம். அது கத்தரிக்கோல் வழியாகவும் நடுகுச்சி வழியாகவும் பரவும். இரண்டுக்கும் மருந்து கிடையாது. மருந்து உண்டு என்று விற்க வருபவரிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

வளையப்புள்ளி உள்ள செடி பல ஆண்டுகள் சுமாராகப் பூத்துக்கொண்டிருக்கும். தனியாக நின்றால் வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து குச்சி எடுத்து யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் போதும். இலைச்சுருள் உறுதியானால், அருகில் வேறு செம்பருத்தியோ வெண்டையோ இருக்கும்வரை அந்தச் செடியை வைத்திருக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

### வல்லுநரை எப்போது அணுகுவது

பிடுங்குவதற்கு முன். வைரசும் களைக்கொல்லிச் சேதமும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால், சுருண்ட இலை, நல்ல இலை இரண்டையும் தனித்தனித் தாளில் சுற்றி எடுத்துச் சென்று தாவர நோயியல் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

## அறிகுறி 9: கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகுகிறது

நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. இலை மட்டும்தான் உதிர்ந்திருக்கிறது. பழுப்பாக இருந்தால், பச்சை தெரியும் வரை விரற்கடை விரற்கடையாகக் கீழிறங்கிச் சுரண்டுங்கள்.

எளிய காரணம் உப்பு. மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெண்படலம் தெரிந்தால், உரமும் கடின நீரும் சேர்ந்து படிந்தது. தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, ஒரு மாதம் உரத்தை நிறுத்துங்கள். அடுத்த காரணம், கணுவுக்கு வெகு மேலே விடப்பட்ட வெட்டு; மேலே எஞ்சும் குச்சி காய்ந்து, அதன் வழியே பூசணம் இறங்கும்.

வெட்டும்போது கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவாயைப் பாருங்கள்: வளையம் முழுவதும் வெளுத்திருந்தால் நிறுத்தலாம். நடுவில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தால்கூட இன்னும் இரண்டு விரற்கடை கீழே இறங்க வேண்டும். அந்தப் புள்ளியோடு விட்ட கிளையை அடுத்த மாதம் மறுபடி வெட்ட வேண்டியிருந்தது எனக்கு ஒருமுறையல்ல. வெட்டு சரிவாக, வெளிநோக்கிய கணுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும்.

அடித்தண்டு வரை இறங்கியும் வெட்டுவாய் வெளுக்கவில்லை என்றால் அச்செடியைக் காப்பாற்ற முடியாது. இன்னும் கருகாத கிளை ஏதேனும் இருந்தால், அதன் வெட்டுவாயும் வெளுத்திருந்தால் மட்டும், பேனா தடிமனில் ஒரு சாண் நீளக் குச்சிகள் நான்கைந்து எடுத்து, கீழ்க்கணு மண்ணுக்குள் இருக்குமாறு ஈரமணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். பழைய குழியின் மண்ணை இரண்டடி ஆழம் எடுத்து அப்புறப்படுத்துங்கள். குச்சி வேர்விட்டுத் துளிர்த்து நடுவதற்குத் தயாராக இரண்டு மாதமாவது ஆகும்; அதுவரை குழி வெயிலில் திறந்தே கிடக்கட்டும்.